மற்ற யானை

ஒஸ்லோவில் எனக்குக் கார் ஓட்டப் பழக்கியவர் ஆனந்தராஜா அண்ணை. பழக்கினார் என்று சொல்வதைவிட, அமெரிக்க அரசியலைப் பாடம் எடுத்துக்கொண்டு நடுநடுவே பிரேக்கைப் பிடிக்கச் சொன்னார் என்பதுதான் பொருத்தம். அவர் வீடு இருந்த ஹவுகன்ஸ்டுவாவில் காரில் ஏறினால் குரோருட் சுற்றுவட்டத்துக்குப் போய்ச் சேரும்போது அவர் லிங்கன் காலத்துக்குப் போய்விடுவார். எந்த வழியால் வெளியேறுவது என்று தெரியாமல் நான் அதே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுவேன்.

"பரவாயில்லை அஜந்தா, சுத்துங்கோ. அவையளும் இப்பிடிச் சுத்தித்தான் வந்தவை" என்பார்.

அவையள் என்றால் அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகள். சனம் இவரை 'அமெரிக்கா அண்ணை' என்றுதான் கூப்பிட்டது. அந்த நாட்டில் அவர் கால் வைத்ததே கிடையாது. முதல் முறை நான் கார் ஓட்டும் சோதனையில் தவறியபோது அவர் என் கவனக்குறைவைச் சொன்னார், நான் லிங்கனைச் சொன்னேன்.

நல்ல மனிதர். மெலிந்த உடம்பு, எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கேயாவது அவர் பெயரைச் சொன்னால் போதும், யார் எதற்காகச் சொன்னார்கள் என்று பார்க்காமல் உடனே "ஓம்" என்பார். கடையில் யாரோ தன் மச்சான் ஆனந்தராஜாவைப் பற்றிக் கதைத்தாலும் இவர் "ஓம்" என்று திரும்புவார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். கடற்கரை ஊரில் பிறந்துவிட்டு மீன் வாசமே பிடிக்காது என்று மூக்கைப் பொத்துவதும் இன்னொரு பகிடி. அவருடைய மனைவி சிவமலர் அக்கா வீட்டில் மீனுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று இரண்டு சட்டி வைத்துத்தான் சமைப்பார்.

நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். ஆவி, பேய், செய்வினை என்று யாராவது தொடங்கினால் எனக்குக் கோபம்தான் வரும். அதை இப்போதே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் இனிச் சொல்லப்போவதை எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சனிக்கிழமை முற்பகல்களில் எங்கள் சமூக வானொலியில் செய்தி வாசிப்பதும் தொலைபேசி எடுப்பதும் என் பொறுப்பு. ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறைதான் கலையகம். பேசுகிறவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். 2008 இலையுதிர்காலம். ஊரில், இலங்கையில், சண்டை இறுகிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் யார் வந்தால் எங்களுக்கு ஏதாவது நடக்கும் என்று கோயிலிலும் கடையிலும் ஒரே கதை. ஆனால் அங்கே கட்சி என்றால் என்ன, யார் எந்தப் பக்கம் என்று முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அதனால் அண்ணையைக் கூப்பிட்டு, சனத்துக்கு விளங்குகிற மாதிரி வாராவாரம் கொஞ்சம் சொல்லுங்கோ என்று இருத்திவிட்டேன்.

முதல் வாரமே அவர் தொடங்கிய விதத்தில் எனக்கு முதுகு குளிர்ந்தது. நிலக்கீழ் அறை என்றால் குளிரத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அவையின்ரை அரசியல் சாசனத்திலை கட்சி எண்ட சொல்லே கிடையாது. முழுக்கத் தேடிப் பாருங்கோ, இராது. எழுதின ஆக்கள் கனபேருக்குக் கட்சி எண்டாலே பயம். முதல் சனாதிபதி பதவியை விட்டுப் போகேக்கை, இந்தக் கட்சிச் சண்டை நாட்டைக் கெடுக்கும் எண்டு எழுதிப்போட்டுத்தான் போனவர். ஆனா அவர் இருக்கேக்கையே அது உள்ளுக்கை வந்திட்டுது. இண்டைக்கு ஆர் தேர்தலிலை நிக்கிறது, எந்தச் சட்டம் சபைக்கு வாறது, எந்த நீதவானுக்கு ஆதரவு, எல்லாம் அதுதான் பாக்குது. காணி உறுதியிலை பேர் இல்லாத ஒண்டு முழு வீட்டையும் நடத்துது."

இரண்டாவது வாரம் கட்சிகளின் சின்னங்களுக்கு வந்தார். ஒரு கட்சிக்குக் கழுதை, மற்றக் கட்சிக்கு யானை. கழுதையைக் 'கழுதை' என்றே சொன்னவர், யானையை மட்டும் 'மற்ற யானை' என்றார். லிங்கன் மற்ற யானைக் கட்சி, வடக்கு மாநிலங்கள் மற்ற யானைக் கட்சி, இப்படியே போனது. நிகழ்ச்சி முடிந்ததும் ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்கட சனத்துக்கு யானை எண்டா கொழும்புக் கட்சியின்ரை யானைதானே ஞாபகம் வரும். குழம்பிப் போவினம். அதாலை இது மற்ற யானை."

"நல்லாயிருக்கு. எங்கை பிடிச்சனீங்கள்?"

"தெரியாது. வாயிலை வந்தது."

மூன்றாவது வாரம்தான் அந்தக் கட்சிகள் இடம் மாறிய கதை. கேட்டவர்கள் இன்றைக்கும் அந்த நிகழ்ச்சியைப் பற்றிக் கதைப்பார்கள். அதற்குப் பிறகு நடந்தது அவர்களுக்குத் தெரியாது.

"அடிமையளை வைச்சிருந்த தெற்குப் பக்கத்தார் பலமா நிண்ட கட்சி கழுதை. அடிமை முறை இனிப் பரவக் கூடாது எண்டு தொடங்கினது மற்ற யானை. அடிமைத்தனம் ஒழிஞ்சு கறுப்பு ஆக்களுக்கு வாக்குக் கிடைக்க, அவை போட்டது மற்ற யானைக்கு. பிறகு கொஞ்சங் கொஞ்சமா மாறிச்சுது. வேலையில்லாப் பஞ்ச காலத்திலை கறுப்பு ஆக்கள் கனபேர் கழுதைப் பக்கம் வந்திட்டினம். அறுபதுகளிலை கழுதைக் கட்சிச் சனாதிபதியே கறுப்பு ஆக்களுக்குச் சம உரிமைச் சட்டம் கொண்டுவர, தெற்கிலை இருந்த வெள்ளைக்காரர் ஒவ்வொருத்தராச் சாமான் சட்டியைக் கட்டிக்கொண்டு அங்காலை போச்சினம். ஒரு நாளிலை நடக்கேல்லை. ஒவ்வொரு அறையா ஆள் மாறினது. ஆனா வாசலிலை பேர்ப்பலகை அப்பிடியே கிடக்கு. அடிமை வைச்சிருந்தவையின்ரை கட்சி இண்டைக்கு ஒரு கறுப்பு மனிசனை நிறுத்தியிருக்கு. அந்த நாளிலை கட்சியைத் தொடக்கினவை இப்ப எழும்பி வந்து கதவைத் தட்டினா, உள்ளை இருக்கிறவை திறந்துபோட்டு, நீங்கள் ஆர் எண்டு கேப்பினம்."

அப்போதுதான் என் பக்கத்துத் தொலைபேசி அடித்தது. பேர்கனில் இருந்து ஒரு பெண். இணையத்தில் எங்கள் ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். பெயர் அருள்நாயகி, அங்கே ஆஸ்பத்திரியில் வேலை.

"இப்ப கதைக்கிறவர் ஆர், பிள்ளை?"

"ஆனந்தராஜா எண்டு, கார் பழக்கிறவர். கேள்வி கேக்கப் போறீங்களோ அக்கா?"

 அவர் மிக நிதானமாக, நோயாளிக்கு மருந்தின் பெயரைச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"மற்ற யானை எண்டு சொல்லுறது எங்கட அண்ணா மட்டும்தான். அப்பாவுக்கு யானைக் கட்சி எண்டாலே கோவம் வரும். அண்ணா அமெரிக்கச் சஞ்சிகையெல்லாம் எடுத்து வாசிச்சுப்போட்டு, 'அப்பா, இது அந்த யானை இல்லை, மற்ற யானை' எண்டு சொல்லிச் சொல்லிக் கதைப்பார். எங்கட வீட்டுக்கு வெளியிலை ஒருத்தருக்கும் அந்தச் சொல்லுத் தெரியாது. எண்பத்தாறிலை நோர்வேக்கெண்டு வெளிக்கிட்டவர். கொழும்புக்குப் போனது தெரியும். அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை. அவருக்கும் ஆனந்தராஜா எண்டுதான் பேர்."

 அந்த அழைப்பை நான் ஒலிபரப்பில் விடவில்லை. விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நான் கையைக் காட்டவில்லை, தலையைக்கூட நிமிர்த்தவில்லை. தடித்த கண்ணாடி, அந்தப் பக்கம் எதுவும் கேட்காது. ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது அண்ணை பேச்சை நிறுத்திவிட்டு, காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவசரமாக ஒரு பக்திப் பாட்டைப் போட்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் காரை ஓட்ட, நான் நடந்ததைச் சொன்னேன். குரோருட் பள்ளத்தாக்கில் மூடுபனி இறங்கி, அடுக்குமாடிகளின் கீழ்ப்பாதி காணாமல் போயிருந்தது. அவர் வேகத்தைக் குறைத்து மூடுபனி விளக்கைப் போட்டார்.

"நான் ஆனந்தராஜா இல்லை" என்றார் பிறகு.

அந்தக் காலத்தில் எங்கள் பொடியள் பலர் நோர்வேக்கு வந்தது இங்குள்ள விடுதிப் பள்ளிகளில் ஒரு வருடப் படிப்புக்கு அனுமதி எடுத்துத்தான். இவருக்கு அனுமதியும் இல்லை, படிப்பும் இல்லை. தாய் தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. கொழும்பில் ஒரு முகவர், விசாவோடு இருந்த ஒரு கடவுச்சீட்டில் படத்தை மாற்றிக் கொடுத்தான். இதற்குரியவர் எங்கே என்று இவர் கேட்டிருக்கிறார். "அவர் இனி வரமாட்டார்" என்றானாம். அவ்வளவுதான். இவருடைய சொந்த அடையாள அட்டையை முகவரே வாங்கி எரித்துவிட்டான்.

"பள்ளிக்குப் போன முதல் நாள் வாத்தியார் சொன்னார், 'உமக்கு அமெரிக்க அரசியலிலை விருப்பம் எண்டு விண்ணப்பத்திலை எழுதியிருக்கிறீர், நல்லது' எண்டு. எனக்கு அமெரிக்கா எங்கை கிடக்கெண்டே சரியாத் தெரியாது, அஜந்தா. பிடிபட்டிடுவன் எண்ட பயத்திலை புத்தகம் எடுத்துப் படிச்சன். பிறகு விடேலாமப் போச்சுது. பேரைக் கூப்பிட்டா உடனை ஓம் எண்டு சொல்லவும் அப்பிடித்தான் பழகினனான். நித்திரையிலை கூப்பிட்டாலும் சொல்லுவன்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. இதோ காரணம் கிடைத்துவிட்டது. "பாத்தீங்களே, விண்ணப்பத்திலை இருந்ததைப் படிச்சியள். இதிலை ஒரு மாயமும் இல்லை."

"மற்ற யானை விண்ணப்பத்திலை இல்லை" என்றார் அவர். பிறகு, "மீனும் இல்லை. ஊரிலை இருக்கேக்கை மீன் இல்லாம எனக்குச் சோறு இறங்காது" என்றார்.

"வயசு போனா சாப்பாடு மாறும் அண்ணை."

"எனக்கு இருபத்தஞ்சு வயசிலையே மாறிட்டுது."

பயம் அவருக்குப் பலவிதம். குடியுரிமை, தொழில், பள்ளிக்கூடத்தில் மகன் கவிசனின் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயராக நிற்கிற 'ஆனந்தராஜா'. ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது வேறொன்றை. "நான் வாய் திறக்காட்டி அவவின்ரை அண்ணா உயிரோடை இருக்கிறார். திறந்தா செத்துப்போனார். என்ரை வாயிலைதான் கிடக்கு."

"சொல்லத்தான் வேணும்" என்றேன். எனக்கு அவர் மேல் இரக்கமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. இருபத்திரண்டு வருடமாக ஒருத்தி வழி பார்த்துக்கொண்டிருக்கிறாள். "சரி, அப்ப உங்கட சொந்தப் பேர் என்ன?"

அவர் காரின் முன்கண்ணாடியைத் துடைக்கும் தடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிறகு சொல்லுறன்" என்றார்.

அமெரிக்கத் தேர்தல் முடிந்த அந்தச் சனிக்கிழமை, நேரில் வந்து பாருங்கோ என்று மட்டும் நான் போனில் சொல்லியிருந்த அருள்நாயகி அக்கா ரயிலில் வந்து இறங்கினார். கழுதை நிறுத்திய கறுப்பு மனிதர் வென்றிருந்தார். அந்த வாரம் சுரங்க ரயிலில் முன்பின் தெரியாத நோர்வேக்காரர்கூட எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அக்காவை அழைத்துக்கொண்டு ஹவுகன்ஸ்டுவாவுக்குப் போனேன். பின்னேரம் மூன்றரைக்கே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வழி முழுக்க அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தது அண்ணைதான். அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்த அந்தக் கணத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கின. எனக்கு அழுகை வந்தது.

"முகம் அவரின்ரை இல்லை" என்றார், யாரிடமோ போல.

"நான் அவர் இல்லை அக்கா" என்றார் அண்ணை. வாசலில் வைத்தே எல்லாவற்றையும் சொன்னார். கடவுச்சீட்டு, முகவர், அவன் சொன்ன அந்த ஒரு வசனம். எதையும் மறைக்கவில்லை. கவிசன் உதைபந்துப் பயிற்சிக்குப் போயிருந்தான். சிவமலர் அக்கா குசினிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணவர் பெயர் மாற்றி வந்தவர் என்று அவருக்குத் தெரியும், பெயருக்குரியவர் இறந்தவர் என்று தெரியாது.

அருள்நாயகி அக்கா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப நீங்கள் ஆர்?"

அண்ணை வாயைத் திறந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு ஒரு எழுத்துக்குக் குவிந்தது, பிறகு அதை விட்டுவிட்டு வேறொரு எழுத்துக்கு விரிந்தது. ஒன்றும் வரவில்லை. சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறவர் போல அவர் சுவரைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"சிவம், என்ரை பேர் என்ன?"

"எனக்கெப்பிடித் தெரியும்?" சிவமலர் அக்காவின் குரல் கீச்சிட்டது. "கலியாணத்துக்கு முந்திக் கேட்டனான். அந்தப் பேரை இனிக் கதைக்க வேண்டாம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அதிர்ச்சியில் அப்படி வரும், இரத்த அழுத்தத்தைப் பார்க்கவேண்டும் என்று நான் ஏதோ சொன்னேன். அருள்நாயகி அக்கா என்னைக் கையமர்த்திவிட்டு, அண்ணையைக் கதிரையில் இருத்தி, தோளில் கை வைத்து, ஆஸ்பத்திரியில் கேட்பது போல இதமாகக் கேட்டார்.

"அவசரமில்லை. முதல்லை அப்பாவின்ரை பேரைச் சொல்லுங்கோ பாப்பம்."

"சின்னராசா" என்றார் அண்ணை உடனே. முகத்தில் ஒரு நிம்மதி.

அருள்நாயகி அக்கா கையை எடுத்துவிட்டார். "அது எங்கட அப்பா" என்றார்.

கடவுச்சீட்டில் தகப்பன் பெயராக இருந்தது அதுதான். இருபத்திரண்டு வருடம் கேட்டவர்களுக்கெல்லாம் அந்தப் பெயரைச் சொன்ன ஆள். இதற்கும் காரணம் இருக்கிறது, நான் எனக்குள் உரத்துச் சொல்லிக்கொண்டேன். ஊரில் விசாரிக்கலாம் என்றும் நினைத்தேன். ஆனால் அவருடைய கடற்கரை ஊர் தொண்ணூறில் இராணுவத்துக்குப் பயந்து எழும்பிப்போன ஊர். யாரிடம் போய், எந்தப் பெயரைச் சொல்லி விசாரிப்பது?

அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சிவமலர் அக்கா மீன் சட்டியைத் திறக்கவே இல்லை. போகும்போது அருள்நாயகி அக்கா வாசலில் நின்று சொன்னார்: "நீங்கள் சொன்னது நல்லது. ஒருத்தருக்கும் நான் வாய் திறக்கமாட்டன். ஆனா அவருக்கு இவ்வளவு நாளும் ஒரு திவசம் செய்யேல்லை. செத்த நாள் தெரியாதெண்டா அமாவாசையிலை செய்யலாம். எங்கட வீட்டிலை ஆம்பிளையள் ஒருத்தரும் மிச்சமில்லை. நீங்கள்தான் செய்து தரவேணும்."

"உயிரோடை இருக்கிறவரின்ரை பேருக்குத் திவசமோ?" என்று சிவமலர் அக்கா கத்தினார். அவர் கேட்டதில் பிழை இல்லை. எனக்குக்கூட அந்த நேரத்தில் மயிர் கூச்செறிந்தது.

"செய்யிறன்" என்றார் அண்ணை.

அதற்கிடையில் வந்த சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். நேயர் ஒருவர், அப்படியானால் அந்தக் கட்சிகள் சனத்தை ஏமாற்றினவையோ என்று கேட்டார். "இல்லைத் தம்பி. ஒருத்தரும் ஏமாத்தேல்லை. பேர் வெறுமையாக் கிடந்தா ஆரோ வந்து இருப்பினம். இருக்க இருக்க அது அவையின்ரை வீடாப் போயிடும். பழைய ஆக்கள் எங்கை போச்சினம் எண்டுதான் ஒருத்தரும் கேக்கிறேல்லை" என்றார். அந்தக் குரல் எனக்குப் பழக்கமானதாகவே இருந்தது. ஆனால் யாருடைய குரல் என்று என்னிடம் கேட்டால், அன்றைக்கு என்னால் சொல்லியிருக்க முடியாது.

அமாவாசையன்று அண்ணை வீட்டுக்கு ஐயர் வந்தார். வெளியே முதல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. சிவமலர் அக்கா தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டு அறை மூலையில் நின்றார். அண்ணை மேற்சட்டையில்லாமல், விரலில் தர்ப்பை போட்டு, எள்ளுக்கும் தண்ணீருக்கும் முன்னால் குந்தியிருந்தார். அவருக்கு அருகில் அருள்நாயகி அக்கா. ஐயருக்கு அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம்.

"செய்யிறவர் பேர்?" என்றார் ஐயர்.

அண்ணை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவேளை இந்த இடத்தில் வந்துவிடும் என்று நான் வேண்டிக்கொண்டேன், யாரை வேண்டினேன் என்று தெரியவில்லை. வரவில்லை. ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"சரி, அதைப் பிறகு பாப்பம். மோசம் போனவரின்ரை பேர்?"

"ஆனந்தராஜா" என்றார் அருள்நாயகி அக்கா.

"ஓம்" என்றார் அண்ணை.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடம் நாங்கள் பகிடி பண்ணிச் சிரித்த அந்த "ஓம்" தான். யாரும் சிரிக்கவில்லை. அருள்நாயகி அக்கா மட்டும் அவர் முதுகில் கையை வைத்து, சின்ன வயதிலிருந்து பழகியவரிடம் சொல்வது போலச் சொன்னார்.

"பேசாமல் இருங்கோ, அண்ணா."